மேரியன்ஹில் ஒன்பது பேர்: சுட்டது சரிதானா?

5 ஏப்ரல் 2024, கேள்வி (டர்பன், சாட்ஸ்வொர்த் வாசகர்)

புதன்கிழமை இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் மேரியன்ஹில்லில் போலீஸ் ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றது. தேடப்பட்ட கொள்ளைக்காரர்கள் என்கிறார்கள். எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை. என் கடைக்குள் வந்து துப்பாக்கி நீட்டியிருக்கிறார்கள், டாக்கெட் (போலீஸ் வழக்குக் கோப்பு) கோர்ட் வாசலைப் பார்த்ததே கிடையாது. இந்த நாட்டில் ஓடுகிறவனைப் போலீஸ் சுடவே கூடாதாம், சட்டம் அப்படியாம். போலீஸ் கையைக் கட்டிப்போட்டு யாரைக் காப்பாற்றுகிறோம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 ஏப்ரல், இரவு

நான் வக்கீல் அல்ல. டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட்டில், அதாவது இன்றைய பெர்த்தா ம்கிஸே ஸ்ட்ரீட்டில், ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். போலீஸ் மேல் போடும் நஷ்டஈட்டு வழக்குகள்தான் அங்கே பாதி வேலை. டாக்கெட் நகல் வாங்க ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலைந்தவன். அந்த அளவுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஓடுகிறவனைச் சுடவே கூடாது என்று நம் சட்டம் சொல்லவில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 49-ஆம் பிரிவைப் படியுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு அது சொல்வது இது: பிடிக்க வருபவருக்கோ வேறு யாருக்கோ அவனால் கடுமையான வன்முறை நேரும் என்ற ஆபத்து இருந்தால் உயிர் போகும்படி சுடலாம். அந்த ஆபத்து இல்லாவிட்டாலும், அவன் செய்ததாகச் சந்தேகிக்கப்படும் குற்றம் ஆளைப் படுகாயப்படுத்தியதாகவோ அப்படி மிரட்டியதாகவோ இருந்து, இப்போதும் சரி, பிறகும் சரி, அவனைப் பிடிக்க வேறு நியாயமான வழி இல்லையென்றால் சுடலாம். உங்கள் கடையில் துப்பாக்கி நீட்டியவன் இதற்குள் வரக்கூடியவன்தான். கல்லாவில் கைவைத்துவிட்டு வெறுங்கையோடு ஓடும் பையன் வரமாட்டான். கை கட்டப்பட்டிருப்பது அவ்வளவுதான்.

அதற்கு முன் இருந்த சட்டம் வேறு. சாதாரணத் திருட்டுக்காக ஓடினாலும், வேறு வழியில் பிடிக்க முடியாதென்றால் சுட்டுக் கொல்லலாம், கொலை ஆகாது. அது 2002 வரை புத்தகத்தில் இருந்தது. கிழக்குக் கேப்பில் லேடி ஃபிரியர் என்ற சிற்றூரில் ஒரு பேக்கரிக்குள் புகுந்து தப்பி ஓடியவனை அப்பாவும் மகனுமாகச் சுட்டார்கள், அவன் இறந்தான். வால்டர்ஸ் வழக்கு என்று பெயர். அரசியல் சாசன நீதிமன்றம் அந்த உட்பிரிவைத் தூக்கி எறிந்தது.

அதற்கு ஓர் ஆண்டு முன்னாலேயே மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கோவெண்டர் வழக்கு வந்துவிட்டது. பெயரைப் பார்த்தாலே தெரியும், நம் வீட்டுப் பிள்ளை. வயது 17. திருட்டுக் காரிலிருந்து இறங்கி ஓடினான், கையில் ஆயுதம் இல்லை. போலீஸ்காரர் சுட்ட குண்டால் முடமானான். ஓடுவதைத் தவிர அவனால் யாருக்கும் ஆபத்து இருந்ததா என்று பார்க்காமல் சுட்டது சட்டவிரோதம் என்று தீர்ப்பு. எங்கள் அலுவலகத்தில் அந்தத் தீர்ப்பின் நகல் காது மடங்கிக் கிழியும் அளவுக்குப் புரண்டது.

6 ஏப்ரல், காலை

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். சட்டம் சரி, ஆனால் மேரியன்ஹில்லுக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது. போலீஸ் சொல்வது, அவர்கள் சுட்டார்கள், நாங்கள் திருப்பிச் சுட்டோம் என்று. அது தற்காப்பு. 49-ஆம் பிரிவு வரை போகவே வேண்டாம். எவன் சுட்டாலும் திருப்பிச் சுடும் உரிமை போலீஸுக்கும் உண்டு, எனக்கும் உண்டு.

அப்படியானால் கேள்வி ஒன்றே ஒன்று: அவர்கள் சுட்டார்களா? அதை நாம் எப்படித் தெரிந்துகொள்வது? ஒன்பது பேரும் போய்விட்டார்கள். மிச்சம் இருக்கும் சாட்சி சுட்டவர்கள். நம் ஊர்ப் போலீஸ்காரர் நெஞ்சில் கேமரா மாட்டும் வழக்கம் இன்னும் வரவில்லை. ஆக, தரையில் கிடக்கும் தோட்டா உறைகளும் சுவரில் உள்ள ஓட்டைகளும்தான் பேசவேண்டும். அவற்றை யார் பொறுக்குகிறார்கள், எப்போது பொறுக்குகிறார்கள்? நான் சொல்ல வருவதெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. சட்டத்தைப் பற்றி நாம் போடும் சண்டையில் பாதி வீண். வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் சம்பவம் நடந்த முதல் ராத்திரியில்.

6 ஏப்ரல், மாலை

"தாத்தா மனித உரிமைக்காரர் ஆகிவிட்டார்" என்று ஒருவர். நன்றி தம்பி. என் காரையும் ஹைஜாக் பண்ணியிருக்கிறார்கள், அதுவும் கோயிலுக்குப் போகிற வழியில், பின்சீட்டில் பாயசப் பானையோடு. கார் கிடைத்தது. பானை இன்னும் வரவில்லை.

7 ஏப்ரல்

முதல் ராத்திரி என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். மரிக்கானாவை எடுத்துக்கொள்வோம், எல்லோருக்கும் தெரிந்தது.

2012 ஆகஸ்ட் 16. ரஸ்டன்பர்க் பக்கம் லோன்மின் பிளாட்டினச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம். அன்று போலீஸ் 34 பேரைச் சுட்டுக் கொன்றது, 78 பேருக்குக் காயம். அதற்கு முந்தின நாட்களில் பத்துப் பேர் இறந்திருந்தார்கள், அவர்களில் இரண்டு போலீஸ்காரர்களும் அடக்கம். இதையும் மறக்கக்கூடாது. சக போலீஸ்காரனை வெட்டிக் கொன்ற மூன்றாம் நாள் அந்த இடத்தில் ஆர்5 துப்பாக்கியோடு நின்றவர்களின் மனநிலை எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்கத்தான் வேண்டும்.

நாம் எல்லோரும் டிவியில் பார்த்தது முதல் இடம். அங்கே 17 பேர். புழுதி, சரமாரியாகச் சுடும் சத்தம், பிறகு நிறுத்து நிறுத்து என்ற கத்தல். இன்னும் 17 பேர் இறந்தது சற்றுத் தள்ளி, பாறைகளும் புதர்களும் உள்ள சின்னக் குன்றில். அங்கே டிவி கேமரா இல்லை. பாறைச் சந்துகளில் ஒளிந்தவர்கள் அங்கேயே கிடந்தார்கள். இதை விசாரித்த ஃபார்லாம் ஆணையத்தின் முன் போலீஸே எடுத்த புகைப்படங்கள் வந்தன. பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் உடலுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. இருட்டிய பிறகு எடுத்த படத்தில் அதே உடலுக்குப் பக்கத்தில் ஆயுதம் இருக்கிறது. இரண்டு படமும் போலீஸ் கேமராதான்.

இதைத்தான் முதல் ராத்திரி என்கிறேன். அறிக்கை 2015-இல் வந்தது, நூற்றுக்கணக்கான பக்கம். தேசியப் போலீஸ் ஆணையர் ரியா பியேகா தற்காலிகமாக நீக்கப்பட்டார். அந்த 34 பேரின் சாவுக்காக இன்றுவரை ஒரு போலீஸ்காரரும் தண்டனை பெறவில்லை.

8 ஏப்ரல்

"அதெல்லாம் அரசியல், சாதாரணச் சம்பவத்தைச் சொல்லுங்கள்" என்கிறார் கேள்வி கேட்ட கடைக்காரர். சொல்கிறேன், கொஞ்சம் யோசித்துவிட்டு. வீட்டு விஷயம்.

10 ஏப்ரல்

என் அக்கா மகன் போலீஸ்காரன். எந்த ஸ்டேஷன் என்று வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, ஒரு கடையில் கொள்ளை என்று ரேடியோவில் அழைப்பு. இவனும் கூட்டாளியும் போனார்கள். பின்பக்கச் சந்தில் ஒருவன் ஓடினான். இவன் கத்தினான், அவன் திரும்பினான், கையில் ஏதோ இருந்தது. இவன் சுட்டான். அவன் இறந்துபோனான். கையில் இருந்தது துப்பாக்கிதான் என்று இவன் அன்றும் சொன்னான், இன்றும் சொல்கிறான். நான் நம்புகிறேன். தாய்மாமன் நம்பாமல் வேறு யார் நம்புவது? அதனால்தான் என் நம்பிக்கைக்குச் சாட்சி மதிப்பு கிடையாது.

சட்டப்படி அன்றிரவு நடந்திருக்க வேண்டியதைச் சொல்கிறேன். சுயாதீனப் போலீஸ் விசாரணை இயக்ககம் என்று ஒன்று இருக்கிறது, எல்லோரும் ஐபிட் என்பார்கள். 2012 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது, அதற்கு முன் 1997 முதல் இருந்த புகார் இயக்ககத்தின் இடத்தில். போலீஸ் செயலால் ஒருவர் இறந்தாலோ, காவலில் இறந்தாலோ, பணித் துப்பாக்கி சுட்டதாகப் புகார் வந்தாலோ அவர்கள்தான் விசாரிக்க வேண்டும். போலீஸ் உடனே தகவல் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். காகிதத்தில் இதைவிட நல்ல சட்டம் பல நாடுகளில் இல்லை.

நடந்தது வேறு. தகவல் போயிருக்கிறது. விசாரணைக்காரர் வந்து சேர்ந்தபோது உடலை எடுத்துவிட்டார்கள். மழை தூறிவிட்டது. சந்தில் கிடந்ததை எல்லாம் இவனுடைய ஸ்டேஷன் ஆட்களே ஒரு பையில் போட்டு வைத்திருந்தார்கள். எது எங்கே கிடந்தது என்று வரைபடம் இல்லை. இவனுடைய பிஸ்டலை மட்டும் முறையாக வாங்கிக்கொண்டார்கள். வாக்குமூலம் என்று ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். "எவ்வளவு தூரத்தில் நின்றாய், அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான் என்று ஒருத்தரும் கேட்கவில்லை மாமா" என்றான். அப்போது அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு நிம்மதி போய்விட்டது. பரிசோதனைக்கூட அறிக்கைக்குக் காத்திருப்பு. ஐபிட் ஒரு வழக்கு எண் கொடுத்தது, அப்புறம் சத்தமில்லை. வேறு பணியில் போட்டார்கள். கொலைகாரன் என்று ஒரு பக்கம், ஹீரோ என்று இன்னொரு பக்கம். அவனுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. கடைசியில் வழக்குத் தொடரப்போவதில்லை என்று என்பிஏ, அதாவது அரசுத் தரப்பில் வழக்குத் தொடரும் அமைப்பு, முடிவெடுத்து, கோப்பு இன்க்வெஸ்டுக்கு, அதாவது சாவு எப்படி நேர்ந்தது என்று மாஜிஸ்ட்ரேட் விசாரிக்கும் இடத்துக்குப் போனது.

அந்த இன்க்வெஸ்டுக்கு நானும் போனேன். வேலை நிமித்தமாகப் பல தடவை உட்கார்ந்த பெஞ்சுதான், ஆனால் இந்தப் பக்கம் உட்காருவது வேறு. இறந்தவனின் அம்மா எதிர்ப் பெஞ்சில். மொழிபெயர்ப்பாளர் மூலம் ஜூலுவில் ஒரே கேள்வி கேட்டார்: என் மகன் ஓடிக்கொண்டிருந்தானா, நின்றுகொண்டிருந்தானா? மாஜிஸ்ட்ரேட் கோப்பைப் புரட்டினார். பதில் அதில் இல்லை. அளந்திருந்தால்தானே இருக்கும். பிரேதப் பரிசோதனையில் குண்டு பக்கவாட்டில் நுழைந்ததாக இருந்தது. திரும்பும்போது பட்டது என்றும் சொல்லலாம், ஓடும்போது பட்டது என்றும் சொல்லலாம். குற்றவாளி என்று யாரையும் சொல்ல முடியாது என்று முடித்தார்கள்.

அந்த அம்மாவுக்குப் பதில் கிடைக்கவில்லை. என் மருமகனுக்கும் கிடைக்கவில்லை. அவன் பக்கம் நியாயம் இருந்தது என்று காட்டக்கூடிய ஒரே பொருள் அந்தச் சந்தின் தரை. அதைத்தான் ஒரு பையில் அள்ளிப் போட்டார்கள்.

11 ஏப்ரல்

மருமகனைப் பற்றி எழுதியதற்கு வீட்டில் திட்டு. பெயர் போடவில்லையே என்றேன். இந்த ஊரில் பெயர் போடவேண்டுமா என்றாள் அக்கா.

14 ஏப்ரல்

சித்திரை முதல் நாள். பஞ்சாங்கம் படிக்கப் போனவனை வாசலிலேயே மடக்கி இதையே கேட்டார்கள். ஒரு பெரியவர் "கேமரா இருந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று அடித்துச் சொன்னார். சரிதான், ஆனால் பாதிதான்.

ஃபிக்ஸ்பர்க், 2011 ஏப்ரல் 13. தண்ணீர் கேட்டு ஊர்வலம். ஆண்ட்ரீஸ் டட்டானே என்பவரைப் போலீஸ்காரர்கள் சுற்றி நின்று தடியால் அடித்தது, ரப்பர் குண்டால் மிக அருகிலிருந்து சுட்டது, எல்லாம் அன்று மாலையே டிவி செய்தியில் வந்தது. நாடே பார்த்தது. ஏழு பேர் மேல் வழக்கு. 2013-இல் ஏழு பேரும் விடுதலை. ஹெல்மெட்டும் முகமூடியும் போட்டிருந்ததால் எந்த அடி யாருடையது என்று நிரூபிக்க முடியவில்லை. படம் இருந்தது, ஆள் இல்லை.

டேவிட்டன், 2013 பிப்ரவரி. மிடோ மாசியா என்ற மொசாம்பிக் டாக்ஸி டிரைவரைப் போலீஸ் வேனின் பின்னால் கட்டி இழுத்துப் போனார்கள். தெருவில் நின்றவர் ஒருவர் போனில் பிடித்த படம் உலகம் சுற்றியது. அன்றே காவலில் இறந்தார். எட்டுப் போலீஸ்காரர்கள் கொலைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு, ஆளுக்கு 15 ஆண்டு. இங்கே முகம் தெரிந்தது, வேன் தெரிந்தது, ஸ்டேஷன் தெரிந்தது, பணிப் பதிவேட்டில் யார் யார் என்று இருந்தது.

அப்புறம் 2021 மார்ச் 10, ஜோஹானஸ்பர்க் பிராம்ஃபொன்டைன். மாணவர் போராட்டம். கிளினிக்கிலிருந்து வெளியே வந்த 35 வயது நகராட்சி ஊழியர், போராட்டத்துக்குச் சம்பந்தமே இல்லாதவர், ரப்பர் குண்டு பட்டு இறந்தார். நான்கு போலீஸ்காரர்கள் மேல் வழக்கு, அடுத்த ஆண்டு நால்வரும் விடுதலை. ஃபிக்ஸ்பர்க்குக்குப் பத்து ஆண்டு கழித்தும் அதே இடத்தில்தான் இடறியது. ரப்பர் குண்டில் துப்பாக்கியின் தடம் பதியாது என்பார்கள். அப்படியென்றால் எந்தத் துப்பாக்கி யார் கையில், எத்தனை ரவுண்டு போனது, எத்தனை திரும்பி வந்தது என்று அன்று மாலையே எழுதி வைக்க வேண்டாமா? ஒரு சூப்பர்மார்க்கெட்டில் சிகரெட் பாக்கெட்டுக்கு வைக்கும் கணக்கு அது.

15 ஏப்ரல்

டர்பன் பீனிக்ஸ் பகுதித் தம்பி ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கம்: 2021 ஜூலைக் கலவரத்தில் போலீஸ் எங்கே இருந்தது? போலீஸ் சுடுவதைப் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறீர்கள், சுடாமல் ஒளிந்துகொண்டதைப் பற்றி?

நியாயமான கேள்வி. அந்த வாரம் குவாசுலு-நட்டால், கௌட்டெங் என்ற இரண்டு மாகாணங்களிலும் 354 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. பீனிக்ஸில் மட்டும் 36 பேர், அவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள், பலர் கொல்லப்பட்டது தெரு முனைகளில் தடுப்புப் போட்டு நின்றவர்கள் கையால். நம் இந்திய வம்சாவளி ஆட்களும் அதில் இருந்தார்கள் என்று சொல்லத் தயங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் தயங்கவில்லை. பயம் உண்மை, தீ வைத்தது உண்மை, கடைகள் போனது உண்மை. ஆனால் காரை நிறுத்தி ஆளை இறக்கிச் சுட்டதற்கு 49-ஆம் பிரிவில் இடமில்லை.

போலீஸ் இல்லாத இடத்தில் துப்பாக்கி இல்லாமல் போகவில்லை, கணக்கு கேட்க முடியாத கைகளுக்குப் போனது. அதனால் "போலீஸை ஒழி" என்று வெளிநாட்டில் கேட்கும் கோஷம் இங்கே செல்லாது. 2022–23-இல் மட்டும் 27,000-க்கும் மேல் கொலை நடந்த நாடு இது. போலீஸ்காரர்களும் சாகிறார்கள். எனக்குப் போலீஸ் வேண்டும். சுட்டால் அன்றிரவே அந்தச் சந்தின் தரையை அளக்கும் போலீஸ் வேண்டும்.

21 ஏப்ரல்

கேட்டோ மேனர் பிரிவு பற்றி எழுதவில்லையே, பயமா என்று ஒரு சீண்டல்.

பயம் இல்லை, குழப்பம். டர்பன் குற்றப்பிரிவில் கேட்டோ மேனரிலிருந்து இயங்கிய குழு. 2011 டிசம்பரில் ஒரு பெரிய ஞாயிறு பத்திரிகை அவர்களைக் கொலைப்படை என்று முதல் பக்கத்தில் போட்டது. 2012-இல் கைது, திட்டமிட்ட குற்றக்கும்பல் என்ற பிரிவில் வழக்கு. அவர்களின் தலைவர் ஜெனரல் யோஹான் பூய்சன் மேலும் வழக்கு. பிறகு அந்தப் பத்திரிகையே 2018-இல் மன்னிப்புக் கேட்டது. 2019 ஜூலையில் என்பிஏ தலைவர் ஷமீலா பட்டோஹி வழக்கைத் திரும்பப் பெற்றார். குற்றக்கும்பல் வழக்குக்குத் தந்த அனுமதியே செல்லாது என்று காரணம்.

இரண்டு பக்கமும் ஜெயித்ததாகச் சொல்கிறார்கள். இறந்தவர்களின் குடும்பங்கள், கொன்றவர்கள் தப்பினார்கள் என்கின்றன. போலீஸ் பக்கம், எங்கள் பெயரைக் கெடுத்தது அரசியல் என்கிறது. இரண்டாவது பேச்சில் உண்மை நிறைய இருக்கிறது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. 2012-இல் அலுவலகத்தில் உட்கார்ந்து முதல் பேச்சைத்தான் பேசினேன். ஆனால் ஒவ்வொரு சாவையும் தனித்தனியாக எடுத்து, இங்கே யார் முதலில் சுட்டார் என்று சாட்சி கேட்டுத் தீர்ப்பு வந்ததா? அந்த வழக்கில் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள், மூட்டை அவிழ்ந்ததும் எல்லாம் சிதறிவிட்டது.

ஒரு சின்னக் கிளைக்கதை. கேட்டோ மேனர் என்றால் என் ஆயாவுக்குக் காய்கறித் தோட்டம், குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த பிரதேசச் சட்டம் வந்து பிடுங்கியது. என் மருமகளுக்கு அந்தப் பெயர் போலீஸ் சீரியல் மாதிரி கேட்கிறதாம்.

22 ஏப்ரல்

மேலே உள்ளவற்றுக்கு ஒரு பின்குறிப்பு. மேலிடத்துப் பேச்சும் கணக்கில் வரும். 2008-இல் துணை அமைச்சர் சூசன் ஷபாங்கு, குற்றவாளிகளைக் கொல்லுங்கள், விதிமுறை பற்றிக் கவலை வேண்டாம் என்று போலீஸாருக்கு மேடையிலேயே சொன்னார். 2010-இல் போலீஸ் பதவிகளுக்கு மறுபடியும் ராணுவப் பதவிப் பெயர்கள் வந்தன. மரிக்கானா அதற்கு இரண்டு ஆண்டுக்குப் பிறகு. ஒன்றுக்கு ஒன்று காரணம் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். மேடையில் கைதட்டல் வாங்கியவர் யாரும் இன்க்வெஸ்ட் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை, அது மட்டும் தெரியும்.

4 மே

விசாரிப்பவரை யார் நம்புவது என்ற கேள்வி புதிதல்ல. பீனிக்ஸுக்குப் பக்கத்தில் மவுண்ட் எட்ஜ்கோம்ப். மாரியம்மன் கோயிலுக்கு எல்லோரும் போகிறோம். 1913 நவம்பரில், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள் மேல் போட்ட மூன்று பவுண்டு வரிக்கு எதிரான வேலைநிறுத்தத்தின்போது, அங்கே கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளைப் போலீஸ் சுட்டது, சிலர் இறந்தார்கள். நம் ஊர்ப் பெயர்கள்தான். அரசு சாலமன் ஆணையம் போட்டது. பயன்படுத்திய பலம் அளவுக்கு மீறியதா என்பதும் அதன் விசாரணையில் அடக்கம். மூன்று பேரில் எஸ்ஸலனும் வைலியும் இந்தியர்களுக்கு எதிரானவர்கள் என்று ஊருக்கே தெரியும். நம்பக்கூடிய ஒருவரைச் சேர்த்தால் வருகிறோம் என்றார் காந்தி. அரசு மறுத்தது, அவர் ஆணையத்தைப் புறக்கணித்தார். மறு ஆண்டு வரி போனது. வரி போனதைப் பள்ளியில் படித்தோம். சுட்டவர்களைக் கேட்டது யார் என்று ஒரு பாடத்திலும் இல்லை.

ஐபிட் விஷயத்திலும் இதே சிக்கல் வந்தது. அதன் அப்போதைய தலைவர் ராபர்ட் மெக்பிரைடைப் போலீஸ் அமைச்சர் தற்காலிகமாக நீக்கினார். 2016-இல் அரசியல் சாசன நீதிமன்றம், அமைச்சர் இஷ்டத்துக்கு நீக்க முடிந்தால் அது சுயாதீனம் ஆகாது என்று தீர்ப்புச் சொன்னது. மெக்பிரைட் நிறவெறி ஆட்சிக் காலத்தில் டர்பனில் குண்டு வைத்தவர்தானே என்று உடனே யாராவது வருவீர்கள். ஆமாம், அவரேதான். தீர்ப்பு அவருக்காக அல்ல, நாற்காலிக்காக.

ஆனால் நாற்காலி சுயாதீனமானாலும் துப்பாக்கி ஆய்வுக்கூடம் போலீஸுடையதுதான். தடயம் எடுக்கும் ஆட்களும் பெரும்பாலும் போலீஸே. ஐபிட் விசாரணையாளர் ஒரு மாகாணம் முழுக்க ஓடும் சிலர். பிரேதப் பரிசோதனையை மட்டும் 2006-இல் போலீஸிடமிருந்து எடுத்துச் சுகாதாரத் துறைக்குக் கொடுத்தார்கள். அது நல்ல காரியம். ஆய்வுக்கூடத்துக்கும் அதையே செய்யலாமே.

5 மே

"பழையதைத் தோண்டி என்ன பயன், முதல் ராத்திரி போனால் போனதுதானே, நீங்களே சொன்னீர்கள்."

முழுக்கப் போகாது. டாக்டர் ஹூசேன் ஹஃபேஜி, இளம் பல் மருத்துவர், 1977 ஆகஸ்டில் நம் பிரைட்டன் பீச் போலீஸ் ஸ்டேஷனில் இறந்தார். தூக்குப் போட்டுக்கொண்டார் என்று அன்றைய இன்க்வெஸ்ட். குடும்பம் விடவில்லை. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை மாற்றி, சித்திரவதை செய்து கொன்றார்கள் என்று தீர்ப்பளித்தது. 46 ஆண்டு. அதற்கும் உதவியது முதல் நாட்களின் காகிதம்தான்: உடலில் இருந்த காயங்களை அன்றே எழுதி வைத்திருந்தார்கள். படித்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

19 அக்டோபர்

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன். ஐபிட் ஆண்டறிக்கை வந்திருக்கிறது. போலீஸ் செயலால் இறந்தவர்கள் 2022–23-இல் 393, 2023–24-இல் 460. வழக்கம்போல் நம் குவாசுலு-நட்டால்தான் முதலிடம். எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு குதிக்காதீர்கள். வேலை நேரத்துக்கு வெளியே போலீஸ்காரர் செய்த கொலையும் இதில் வரும், நியாயமான தற்காப்பும் வரும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடிந்தால் பாதிச் சண்டை தீரும்.

மாகாணப் போலீஸ் ஆணையர் ம்க்வானாசிக்குக் கோயில் வாசலிலும் ரசிகர்கள். இந்த இழையைத் தொடங்கிய கடைக்காரர் போனில் அவர் படம் வைத்திருக்கிறாராம். வைத்துக்கொள்ளட்டும். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: மேரியன்ஹில்லில் எடுத்த தோட்டா உறைகள் எந்தக் கூடத்தில், எந்தப் பையில், யார் கையெழுத்தோடு இருக்கின்றன?

20 அக்டோபர்

மெரிபேங்க் பகுதியிலிருந்து கேட்ட அக்காவுக்கு. தம்பி காலில் ரப்பர் குண்டு பட்டது மே மாதம் என்கிறீர்கள். வழக்குப் போடுவதா வேண்டாமா என்று பிறகு யோசிக்கலாம், ஆனால் அரசு மேல் நஷ்டஈடு கேட்பதென்றால் சம்பவத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் எழுத்தில் அறிவிப்புப் போக வேண்டும். 2002-ஆம் ஆண்டின் 40-ஆம் எண் சட்டம். தேசியப் போலீஸ் ஆணையருக்கும் மாகாண ஆணையருக்கும் அனுப்ப வேண்டும். தவறினால் நீதிமன்றத்தில் காரணம் சொல்லி அனுமதி கேட்கலாம், ஆனால் அது செலவு. ஐபிட் புகார் தனி, அதைக் கொடுத்ததால் இது கொடுத்ததாக ஆகாது. நிறையப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

மருத்துவமனை அட்டையின் இரண்டு பக்கத்தையும் நகல் எடுங்கள், நேரத்தைப் பின்பக்கத்தில்தான் எழுதுவார்கள். அன்று போட்டிருந்த கால்சட்டையைத் துவைத்துவிட்டீர்களா?